கொடி நாளன்று எங்கள் பள்ளி யாரை நினைக்க வேண்டும்?

கடலோரத் தலைமையாசிரியை

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள ஒரு கடற்கரை ஊரில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருக்கிறேன். வடக்கே நடந்தால் பாக் நீரிணை, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா, தலைக்கு மேலே பருந்து கடற்படை விமானத் தளத்தின் ஹெலிகாப்டர். அது பறக்கும்போதெல்லாம் ஒன்றாம் வகுப்பு முழுவதும் சன்னலுக்கு ஓடிவிடும். ஆகவே 'அ' எழுதப் பழகுவதற்கு முன்பே எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டாளம் என்ற ஒன்று அறிமுகமாகிவிடுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் வருகிறது. 1949 முதல் படைவீரர் குடும்பங்களின் நலனுக்காக நிதி திரட்டப்படும் நாள் அது என்பதை நான் கூட்டத்தில் சொல்வேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள், அத்துடன் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் எங்கள் பள்ளியில் அந்த நாள் ஒரு கட்டுக் கொடிகளும் ஒரு வசூல் கணக்கும்தான். அது மழைக்காலம். காற்று எழும்பிப் படகுகள் கரையில் கிடக்கும்போது பல வீடுகளில் ஐந்து ரூபாய்கூடக் கேட்கத் தயக்கமாக இருக்கும். மீந்த கொடிகளுக்கு நானே பணம் கட்டி, ரசீதைக் கோப்பில் வைத்துவிடுவேன்.

இந்த ஆண்டு அப்படி முடிக்க மனம் வரவில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பட்டாளத்துக்குப் போனவர் யார் என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு மூன்று பெயர்கள் வரும் என்று எண்ணியிருந்த எனக்கு 11 பெயர்கள் வந்தன. மறுநாள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் சித்தப்பா, டி.வி.எஸ். 50 வண்டியின் முன்பக்கத்தில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றார். அந்த வீட்டில் 'பர்மாவுக்குப் போன தாத்தா' என்று மட்டும் பேசப்படும் ஒருவர், கடைசி லீவு முடிந்து புறப்பட்டபோது விட்டுச் சென்ற பெட்டியாம் அது. அவர் திரும்பவில்லை. இத்தனை ஆண்டுகளாக அதில் வலை பின்னும் நூலும் குடும்ப அட்டையும் இருந்திருக்கின்றன. மூடியின் மேல் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதியிருக்கிறது, பாதி அழிந்துவிட்டது. அவர் வெள்ளைக்காரர் படையிலேயே இறந்தாரா, நேதாஜியின் படையில் சேர்ந்தாரா என்பது அவ்வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெட்டி இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறார்கள். கொடி நாளன்று இதை வைத்து என்ன செய்வது? ஆறு வயதுக் குழந்தைக்குப் போரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்காரர்

வணக்கம் ஆசிரியை அவர்களே. இதில் குழப்பமே வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகளுக்குச் சிப்பாய் வேடமிட்டு அணிவகுக்கச் செய்யுங்கள். மாறுவேடப் போட்டி என்றால் பெற்றோர் தாமாகவே வருவார்கள். தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 பொருத்தமாக இருக்கும். ஜனவரி 15 ராணுவ நாள்தான், ஆனால் அது எப்போதும் பொங்கல் விடுமுறையில் போய் விழுந்துவிடும். டிசம்பரில் மழையும் அரையாண்டுத் தேர்வும் சேர்ந்துகொண்டால் உங்கள் விழா நனைந்துதான் போகும்.

ஓய்வு பெற்ற ஹவில்தார்

மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது ராமநாதபுரத்தில் வசிக்கிறேன். தொண்டி நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனாலும் மாறுவேடப் போட்டி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு என் பேரனின் பள்ளியில் அத்தகைய ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் துப்பாக்கி வைத்திருந்த பிள்ளைகள் நின்றார்கள். 'எதிரி'யாக்கப்பட்ட பிள்ளைகள் விழுந்தார்கள். விழுந்தவர்களில் ஒரு சிறுவன் தனக்கு மட்டும் ஏன் துப்பாக்கி தரவில்லை என்று அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கினான். மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை.

எங்கள் படைப்பிரிவின் போர்முழக்கம் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது. வெல்லிங்டன் பயிற்சி மைதானத்தில் அதைக் கத்தியபோது எனக்கு மயிர் சிலிர்த்தது உண்மை. அதற்காக இரண்டாம் வகுப்பில் போய் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். பிள்ளைகளுக்குப் புரிவது வேறு. லீவு முடிந்து மண்டபம் நிலையத்தில் ரயிலேறும்போது அம்மா ஏன் வாசலோடு நின்றுவிட்டாள் என்பது புரியும். மணியார்டர் வரும் நாளில் தபால்காரருக்கு ஏன் மோர் கொடுத்தார்கள் என்பது புரியும். பெட்டியின் மேல் எண் ஏன் எழுதினார்கள் என்று கேளுங்கள், அதுவும் புரியும்: ஒரு கூடாரத்தில் பத்துப் பெட்டிகளும் ஒரே கறுப்பு, அவற்றுள் இரண்டு முனியசாமிகளுடைய பெட்டிகளும் இருக்கும்.

பெயர் சொல்ல வேண்டுமானால் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கார்கில் போரில் 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் வீழ்ந்த மேஜர் சரவணன் ராமேசுவரத்தில் பிறந்தவர். பீகார் ரெஜிமெண்டைச் சேர்ந்த அவருடைய உடல் ஒரு மாதத்துக்கு மேல் மலைமேலேயே கிடந்து, பிறகுதான் மீட்கப்பட்டது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் உயிரிழந்த 20 பேருள் ஒருவரான ஹவில்தார் பழனி, திருவாடானை வட்டம் கடுக்கலூர்க்காரர். 22 ஆண்டுகள் பணிபுரிந்தவர். இருவருக்கும் மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. திருவாடானைப் பக்கம் பேருந்தில் போகும் பிள்ளைக்கு, "இந்த ஊரில் அவர் இருந்தார்" என்று சன்னல் வழியே காட்டினாலே போதும். சண்டை எப்படி நடந்தது என்பதை எட்டாம் வகுப்பில் தெரிந்துகொள்ளட்டும்.

கல்வெட்டுப் பித்தன்

இந்த உரையாடலில் பெயர் என்ற சொல் வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். சற்று நீண்டால் பொறுத்தருள்க.

போரில் இறந்தவனைப் பெயர் சொல்லி நினைப்பது நமக்கு யாரோ கற்றுக்கொடுத்த வழக்கமன்று. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டபின் வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் நடுகற்கள் ஏராளமாக நிற்கின்றன. செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல் உண்டு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போராடி இறந்த வீரனுடைய உருவத்தோடு, அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துவிட்டுத் தலைவனின் பக்கத்திலேயே நின்ற அந்த நாயின் பெயர் 'கோவிவன்' என்றும் வெட்டியிருக்கிறார்கள். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், ஆசிரியை அம்மா. அன்று மாலையே ஊரிலுள்ள நாய்களில் பாதிக்குக் கோவிவன் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

இப்போது மற்றொரு பக்கத்தைப் பாருங்கள். முதல் உலகப் போரில் 13 லட்சம் இந்தியர்கள் பணியாற்றினார்கள். அவர்களுள் 74,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் படைப்பிரிவு, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறக்கப்பட்டுச் சிதறடிக்கப்பட்டது. இன்றைய ஈராக்கான மெசபடோமியாவில் மாண்டவர்களுக்காகப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக நின்றுவிட்டார்கள். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே இந்தப் பாகுபாட்டை 2021இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. கோவிவனுக்குக் கிடைத்தது அந்தச் சிப்பாய்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் போர் நம் பக்கம் விட்டுச் சென்றது ஒரு சொல்லைத்தான் என்று சில சமயம் தோன்றும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயரை, ராமநாதபுரம் சந்தையில் கெட்டிக்காரத் தரகரைப் பார்த்து இன்றும் சொல்கிறோம்: 'அவன் பெரிய எம்டன்.' சுட்ட கப்பலின் பெயர் நாக்கில் இருக்கிறது. போன மனிதர்களின் பெயர் இல்லை.

பர்மாத் தாத்தா விஷயத்தில் ஒரு யோசனை. பெட்டியில் எண் இருப்பதால் அவர் முதலில் முறையான படையில் இருந்தவர் என்று கொள்ளலாம். ஆனால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மலேயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்களும் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள். ஒரே ஊரிலிருந்து போனவர்கள் பர்மாக் காட்டில் எதிரெதிரே நிற்க நேர்ந்த காலம் அது. ரங்கூனுக்கு வடக்கே தாவுக்யான் கல்லறைத் தோட்டத்தின் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை இணையத்தில் பெயராலும் படை எண்ணாலும் தேட முடியும். பெயரால் தேடுவது கடினம்; ஆள் சேர்த்த எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஆகையால் அந்த எண்ணைத் துடைத்துவிடாதீர்கள், ஈரத்துணிகூடப் படக்கூடாது.

முகாமில் பிறந்தவள்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் மண்டபத்திலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். மாலையில் முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பள்ளியிலும் எங்கள் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். யாரையும் குறை சொல்வதற்காக அன்று.

"வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர் யார்" என்ற கேள்வியோடு ஒரு சிறுவன் முகாமுக்கும் வந்தான். அவனுடைய அம்மம்மா 1990இல் படகில் வந்து இறங்கியவர். 'ஆமி' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். இலங்கை ஆமி மட்டுமன்று, 1987இலிருந்து 1990 வரை அங்கிருந்த இந்திய ஆமியும் அவருடைய நினைவில் இருக்கிறது. சிறுவன் நோட்டில் எதுவும் எழுதாமல் பள்ளிக்கு வந்தான். அவனைத் தவறாக எண்ணிவிடாதீர்கள்.

கொடி நாளை நடத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிறுவன் அன்று பள்ளிக்கு வருவதற்கு ஓர் இடம் வைத்துவிட்டு நடத்துங்கள் என்று மட்டும் கேட்கிறேன். வேடமிட்ட அணிவகுப்பு என்றால் அவனை அனுப்ப மாட்டார்கள்.

தொண்டிக்காரர்

தங்கையின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போரைப் பேசக் கூடாது, வேடம் கூடாது, எதிரி என்ற சொல் கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், அந்த மனிதர்கள் எதற்காக இறந்தார்கள் என்று பிள்ளை கேட்கும்போது என்ன பதில் சொல்வது? தபால்காரருக்கு மோர் கொடுத்த கதையோடு அது முடிந்துவிடுமா?

ஓய்வு பெற்ற ஹவில்தார்

தொண்டி நண்பரின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், முகாமிலிருந்து எழுதிய மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் பதிவில் நான் அதை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான் விட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். அமைதி காக்கும் படையில் போனபோது எனக்கு வயது 22. எங்களோடு இருந்த வடநாட்டுப் பிரிவினருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே சோதனைச் சாவடிகளில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவர்கள் கேட்பதை நான் தமிழில் கேட்பேன், வரும் பதிலை இந்தியில் சொல்வேன். பதிலாக வராத சொற்களும் என் காதில் விழுந்தன; அவற்றை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். அவர்களுள் மூன்று பேர் என்னோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். திரும்பி வந்தபோது மாலையும் இல்லை, கேள்வியும் இல்லை. ஊரில் அந்தப் போரைப் பற்றிப் பேச எவருக்கும் விருப்பமில்லை, எனக்கும்தான்.

எதற்காக இறந்தார்கள் என்று பிள்ளை கேட்டால், 'அனுப்பினார்கள், போனார்கள்' என்பதே என்னால் சொல்ல முடிந்த உண்மையான பதில். அனுப்பியது சரியா என்பதைப் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும். என் பெயர் உங்கள் பட்டியலில் வருமா என்பதையும், நான் அன்று பள்ளிக்கு வரலாமா என்பதையும், அந்த அம்மம்மா வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஒரு தாய்

எங்கள் தலைமையாசிரியை அம்மா இந்த இழையைக் கைப்பேசியில் காட்டினார். சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதால், நாங்கள் சொல்வதற்கும் இடம் உண்டு என்று நம்பி எழுதுகிறேன்.

நாள் எதுவானாலும் சரி, நேரத்தைப் பார்த்து வையுங்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கடலின் நீர்மட்டம்தான் கடிகாரம். விசைப்படகு போகும் நாளில் அந்த வீட்டு ஆண்கள் இருக்க மாட்டார்கள். நாட்டுப்படகு போகும் நாளில் எங்கள் வீட்டு ஆண்கள் இருக்க மாட்டார்கள். காலை உணவு முடிந்தவுடன் அரை மணி நேரம் என்றால் பிள்ளையை விட வரும் தாய்மார் எல்லோரும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டாம். அவற்றுக்கு ஆகும் பணத்தை உண்டியலில் போடலாம்.

இன்னொன்று. பட்டியலில் போன ஆண்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. பர்மாத் தாத்தாவின் மனைவி, அவர் வருவார் என்று சாகும் வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அந்தப் பாட்டியின் பெயரும் எழுதப்பட வேண்டும்.

கடலோரத் தலைமையாசிரியை

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை குழு கூடிற்று. வழக்கமாக எட்டுப் பேர் வரும் கூட்டத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். முடிவானவற்றைச் சொல்கிறேன்.

நாள் டிசம்பர் 7 தான். மழை பெய்தால் வராந்தாவில். வேடம் இல்லை, அணிவகுப்பும் இல்லை. பட்டியலிலுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பிள்ளை எழுந்து, பெயரையும், அவருடைய வீட்டார் சொன்ன ஒரே ஒரு செய்தியையும் சொல்லும். பிள்ளைகள் கொண்டுவந்திருக்கும் செய்திகளைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கடற்கரையில் பிறந்தும் நீச்சல் தெரியாதவராம். ஒருவர் காஷ்மீரிலிருந்து தம் தங்கைக்குக் குங்குமப்பூ என்று அனுப்பியது சாயமேற்றிய நாராகப் போனதாம். அந்தத் தங்கைக்கு இப்போது எண்பது வயது, இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். பர்மாத் தாத்தாவின் பெயரோடு பாட்டியின் பெயரும் வரும். அவர் எந்தப் படையில் இறந்தார் என்பது தெரியும் வரை 'பர்மா யுத்தத்துக்குப் போனவர்' என்று மட்டும் எழுதுவோம்.

தொண்டி ஐயாவின் கேள்வியைக் கூட்டத்தில் நானே எடுத்துச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் மறுநாள் ஒரு பாடவேளை ஒதுக்கி, கேள்வி கேட்க விடலாம் என்று முடிவு செய்தோம். அங்கே எதற்காக என்ற கேள்வி வரும். எங்களால் இயன்றதைச் சொல்வோம்.

பெட்டியின் மூடியைக் காலை வெயிலில் சாய்த்து வைத்துப் பார்த்ததில், எண்ணின் முதல் மூன்று இலக்கங்களும் கடைசி இலக்கமும் தெரிகின்றன. நடுவில் இரண்டு இல்லை. அந்தச் சிறுமி தன் நோட்டில் அதை எழுதி, இல்லாத இரண்டு இடங்களிலும் கோடிட்ட இடத்தை நிரப்புக என்பதற்குப் போடுவதுபோல் கோடு போட்டு வைத்திருக்கிறாள். கல்வெட்டு ஐயாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.

கல்வெட்டுப் பித்தன்

படம் கிடைத்தது. நடுவில் இருப்பவற்றுள் ஒன்று 3 அல்லது 8 போலத் தெரிகிறது. ஒவ்வோர் எண்ணாக மாற்றி மாற்றித் தேடிப் பார்க்கிறேன்; கொடி நாளுக்குள் முடியும் என்று வாக்களிக்க முடியாது.

முகாமில் பிறந்தவள்

ஹவில்தார் ஐயா எழுதியதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மொழிபெயர்க்காத சொற்களைப் பற்றிய பகுதியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. இன்று காலை தண்ணீர் பிடிக்கும்போது அவராகவே சொன்னார்: "அவர் வரட்டும். சட்டை மட்டும் அந்தச் சட்டை வேண்டாம்."

ஓய்வு பெற்ற ஹவில்தார்

வேட்டியில் வருகிறேன், அம்மா. காலை உணவு முடியும் நேரத்தை மட்டும் தெரிவியுங்கள்.

கடலோரத் தலைமையாசிரியை

8.50க்கு முடியும், ஐயா. சற்று முன்னதாக வந்தால் பிள்ளைகளோடு சாப்பிடலாம்.